ராணுவமே நேரில் பேசினால் நிருபருக்கு என்ன வேலை?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையார் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே மதுக்கரையில் ராணுவ முகாம். கோவையைத் தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், அதன் பக்கத்திலேயே முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி. மேற்கே திரும்பினால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தமிழ் ஊர்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டாளத்துச் செய்தி எப்போதும் இரண்டு மொழியில் வரும். டிவியில் மலையாளச் சேனல், கைப்பேசியில் கோவை, பொள்ளாச்சி சொந்தக்காரர்கள் அனுப்பும் தமிழ் ஃபார்வர்டு. ஒரே சம்பவம் இரண்டு பக்கமிருந்தும் வரும்போது எது எங்கே சேர்க்கப்பட்டது, எது விடுபட்டது என்று ஓரளவு கண்ணுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தச் செய்தி வரும் வழியே மாறிவிட்டது. முன்பு படைக்கும் மக்களுக்கும் நடுவில் நிருபர் இருந்தார். இப்போது படையே எக்ஸ் தளத்திலும் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் நேராகப் பேசுகிறது. சம்பவ இடத்தில் முதலில் நிற்பது நிருபரும் இல்லை, அதிகாரியும் இல்லை, கேமரா போன் வைத்திருக்கும் யாரோ ஒருவர். இதனால் செய்தி வேகமாக வருகிறது என்பது உண்மை. ஆனால் அறிவிப்பது வேறு, கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு. படைகள் முதல் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன. இரண்டாவது வேலை நடக்க வேண்டுமென்றால் இன்னமும் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

பழைய ஏற்பாடு எளிமையானது. பாதுகாப்பு அமைச்சகத்தில் மக்கள் தொடர்பு இயக்குநரகம் என்று ஒன்று உண்டு. அதன் பி.ஆர்.ஓ.க்கள் சென்னை, திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் உட்கார்ந்திருப்பார்கள். வாளையாருக்குக் கிழக்கே ஏதாவது நடந்தால் சென்னை அலுவலகம் சொல்ல வேண்டும், மேற்கே நடந்தால் திருவனந்தபுரம். பத்திரிகைக் குறிப்பு ஃபேக்ஸில் வரும், மறுநாள் காலைப் பேப்பரில் நான்கு பத்தி வரும், அவ்வளவுதான். டிவி வந்ததும் இந்த நிதானம் போனது. 1999 கார்கில் போர் இந்தியர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்த முதல் போர். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலைச் சேனல்கள் நிமிடத்துக்கு நிமிடம் நேரலை செய்தன. கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதுவரை திரையில் ஓடியது. கசாப் வழக்கின் தீர்ப்பில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம் என்று பிறகு கேபிள் டிவி விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அந்த விதி டிவி சேனலைத்தான் கட்டுப்படுத்தும். மொட்டைமாடியில் நின்று போனில் படம் பிடிப்பவரை என்ன செய்வது?

குன்னூர், 2021 டிசம்பர் 8

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த நாள் அது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேருடன் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. இந்த நேரங்களை மறுநாள் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் சொன்னார். நஞ்சப்பச்சத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது முதலில் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் ஊற்றியவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். அவர்களில் சிலர் கையில் போன் இருந்தது.

விமானப்படை தன் ட்விட்டர் கணக்கில் விபத்தை உறுதிசெய்தது மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பு. ராவத் ஹெலிகாப்டரில் இருந்தார், விசாரணைக்கு உத்தரவிடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. அவர் இறந்துவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது மாலை ஆறு மணிக்குப் பிறகு. இடைப்பட்ட நான்கு மணி நேரம் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். எரியும் சிதைவுகளின் படங்கள் எல்லார் போனிலும் ஏறிவிட்டன. சேனல்களில் ஃபிளாஷ் ஓடியது. உயிரோடு இருக்கிறார் என்றது ஒன்று, கவலைக்கிடம் என்றது இன்னொன்று. அறிவிப்பு வருமுன்னே இரங்கல் பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. சதி என்று சொன்னவர்கள், எந்த நாட்டுச் சதி என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

விமானப்படை வேண்டுமென்றே தாமதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். எரிந்துபோன உடல்களை அடையாளம் காண்பதே பெரும்பாடாக இருந்தது. சிலருக்கு டிஎன்ஏ சோதனைவரை போக வேண்டியிருந்தது. அப்புறம், குடும்பத்துக்குச் சொல்லாமல் பெயரை வெளியிடுவதில்லை என்பது படைகளின் பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கம் பத்திரிகைக் குறிப்பும் காலைப் பேப்பரும் இருந்த காலத்துக்கு உருவானது. இன்றைக்குக் குடும்பத்துக்குச் சொல்ல அதிகாரி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலேயே படம் வந்துவிடும். அன்று இறந்தவர்களில் ஒருவர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் சாய் தேஜா. இன்னொருவர் திருச்சூரைச் சேர்ந்த விமானப்படை ஜூனியர் வாரன்ட் அதிகாரி பிரதீப். 2018 கேரள வெள்ளத்தில் மீட்புப் பணி செய்தவர். அவர் உடல் டெல்லியிலிருந்து சூலூருக்கு வந்து, சாலை வழியாக வாளையார் வந்து, அங்கே கேரள அமைச்சர்கள் பெற்றுக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக ஜனங்கள் நின்றார்கள், வழிநெடுக போன்களும் நின்றன.

விபத்துக்கு மறுநாள் ஒரு வீடியோ வெளியே வந்தது. காட்டேரி அருகே ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்தது. ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் போகிறது, சத்தம் மாறுகிறது, நிற்கிறது. சில விநாடிகள்தான். அந்த போனைப் போலீஸ் வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பியது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சில விநாடிகள் வதந்தியை வளர்க்கவும் செய்தன, வதந்திக்கு எதிரான சாட்சியாகவும் நின்றன. வானத்தில் வெடித்தது என்று சொன்னவர்களுக்கு அந்தப் படத்தில் ஆதாரம் இல்லை. 2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழு சொன்ன முடிவும் மேகத்தைத்தான் காட்டியது: வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானி திசை உணர்வை இழந்தார், நல்ல நிலையில் இருந்த இயந்திரமே மலையில் மோதியது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது அந்தக் குறிப்பு.

இடையில் ஊகம் வேண்டாம் என்று விமானப்படை ட்விட்டரில் கேட்டுக்கொண்டது. மதுரையில் ஒரு யூடியூபரை ராவத் மரணம் தொடர்பான ட்வீட்டுக்காகப் போலீஸ் கைது செய்தது. சில நாட்களிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. தகவல் இல்லாத நேரத்தில் ஊகம் வரும். அதைக் கைதால் நிறுத்திவிடலாம் என்று நினைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படையே சேனல் ஆனபோது

கேரளம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னாலேயே பாடம் படித்துவிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது ராணுவச் சீருடை போட்ட ஒருவர் முதலமைச்சரையும் மீட்புப் பணியையும் திட்டும் வீடியோ தீயாகப் பரவியது. ஆகஸ்ட் 19-ஆம் தேதி ராணுவத்தின் பொதுத் தகவல் பிரிவு ட்விட்டரில் பதில் போட்டது. சீருடை அணிந்த ஆசாமி போலி, இப்படி வேறு வீடியோ கண்டால் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று. பத்திரிகைக் குறிப்புக்குக் காத்திருந்தால் அந்த வீடியோ இன்னும் இரண்டு நாள் ஓடியிருக்கும். சீருடைக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையை வைத்து ஏமாற்றுவது இப்போது ஒரு தொழிலே ஆகிவிட்டது. பழைய புல்லட் பைக்கை மலிவாக விற்பதாக இணையத்தில் விளம்பரம் போட்டு, நான் ஆர்மிக்காரன், டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று கேட்பவரிடம் ஏமாந்தவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள்.

அதே வெள்ளத்தில்தான் படைகளுக்கு இன்னொன்றும் புரிந்தது. ஆலுவா பக்கம் நிறைமாதக் கர்ப்பிணியைக் கடற்படை ஹெலிகாப்டர் தூக்கியது, அன்றே குழந்தை பிறந்தது. பிறகு ஒரு வீட்டு மொட்டைமாடியில் நன்றி என்று ஆங்கிலத்தில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருந்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. எந்த விளம்பர நிறுவனமும் அப்படி ஒரு படத்தைக் காசு கொடுத்து எடுத்திருக்க முடியாது.

2022 பிப்ரவரியில் மலம்புழையில் நடந்தது இதன் அடுத்த கட்டம். சேறாடு மலையில் ஏறிய பாபு என்ற இளைஞர் கால் தவறி, செங்குத்துப் பாறையின் நடுவில் ஒரு பிளவில் சிக்கிக்கொண்டார். அங்கிருந்தே நண்பர்களுக்குப் போன் செய்தார், படம் அனுப்பினார், பேட்டரி தீரும்வரை. தீயணைப்புத் துறையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் முயன்று முடியாமல் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். வெலிங்டனிலிருந்து ஒரு குழு சாலை வழியே வந்தது, பெங்களூரிலிருந்து பாராசூட் படையினர் விமானத்தில் சூலூர் வந்து சேர்ந்தார்கள். பிப்ரவரி 9 காலை, சுமார் 45 மணி நேரத்துக்குப் பிறகு, கயிற்றில் இறங்கிய வீரர் அவரைத் தூக்கி மேலே கொண்டுவந்தார். மலையாளச் சேனல்கள் முழுநாளும் நேரலை. ஆனால் மலை உச்சியில், பாபு வீரர்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும் காட்சியை எடுத்தது எந்தச் சேனலும் இல்லை. அங்கே இருந்தது படைதான். எடுத்த படம் உடனே வெளியே வந்தது, சேனல்கள் அதை வாங்கித்தான் ஓட்டின.

சித்தூர் தாலுகாவில் அன்று தமிழும் மலையாளமும் ஒரே கதையைச் சொன்னது ஆச்சரியமில்லை. கயிற்றில் இறங்கியவர் தமிழ்நாட்டுக்காரர், குழுவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் மலையாளி. ஆளுக்கு ஒரு நாயகன். ஆனால் ராணுவம் வர ஏன் இரண்டாவது இரவுவரை ஆனது, மாவட்ட நிர்வாகம் எப்போது கேட்டது, அந்தப் பாதையில் ஏறத் தடை இருந்ததா என்ற கேள்விகள் அந்த முத்தக் காட்சியில் வராது. கேரள நிருபர்கள் சிலர் அதைக் கேட்டார்கள். கேட்டவர்களைத் திட்டி வந்த கமென்ட்டுகளும் கொஞ்சமல்ல. வீரர்களைப் பாராட்ட வேண்டிய நேரத்தில் குறை சொல்கிறாயா என்று. நிர்வாகத்தைக் கேட்ட கேள்வி படையை அவமதித்ததாக மாறுவது எத்தனை சுலபம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவிலும் இதே வடிவம். ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே 190 அடி பெய்லி என்ற தற்காலிக இரும்புப் பாலத்தை ஒன்றரை நாளுக்குள் கட்டி முடித்தார்கள். மேஜர் சீதா ஷெல்கே பாலத்தின் மேல் நிற்கும் படம் நாட்டில் எல்லாரும் பார்த்தது. ஒரு சின்னப் பையன் ராணுவத்துக்கு மலையாளத்தில் எழுதிய கடிதத்துக்கு ராணுவத்தின் தென் மண்டலக் கணக்கிலிருந்து பதில் போட்டார்கள். இதெல்லாம் பொய்யில்லை, மிகையுமில்லை. பாலம் கட்டியது உண்மை, கட்டியவர்கள் மழையில் தூங்காமல் நின்றது உண்மை. நன்றாகச் செய்த வேலையைத் தானே சொல்லிக்கொள்ள ஒரு படைக்கு உரிமை உண்டு. சிக்கல் எங்கே என்றால், நல்ல நாளில் மட்டும் பேசும் கணக்கு கெட்ட நாளில் என்ன செய்யும் என்பதில்.

அந்தக் கணக்குகளும் சறுக்கியிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரலில் இந்திய ராணுவத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, நேபாளத்தில் மகாலு அடிவார முகாம் அருகே பனிமனிதன் எட்டியின் காலடித் தடத்தைத் தங்கள் மலையேற்றக் குழு கண்டதாகப் படத்துடன் போட்டது. 32 அங்குலத்துக்கு 15 அங்குலம் என்று அளவுகூடச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிருபர் அதை எழுதியிருந்தால் சப் எடிட்டர் நிச்சயம் நிறுத்தியிருப்பார்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கேரள உதாரணம் உண்டு. இந்தத் தடவை படை நம்முடையதல்ல. 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு என்றார்கள். ஐந்து வாரம் நகரவில்லை. லண்டனிலிருந்து வந்தது இரண்டு மூன்று வரி அறிக்கைகள்தான். அந்த வெற்றிடத்தை மலையாளிகள் மீம் போட்டே நிரப்பினார்கள். விமானத்தை விற்பனைக்குப் போட்ட போலி விளம்பரம் ஓடியது. ஜூலை தொடக்கத்தில் கேரளச் சுற்றுலாத் துறையே, கேரளம் இவ்வளவு அழகு, எனக்குப் போகவே மனசில்லை என்று அந்த விமானம் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதுபோல ஒரு படம் போட்டது. ஜூலை 22-ஆம் தேதி விமானம் பறந்துபோனது. உலகின் மிக விலை உயர்ந்த போர் விமானங்களில் ஒன்றின் மதிப்பு என்ன ஆனது என்று பிரிட்டிஷ் மக்கள் தொடர்பு அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும்.

வீரர் கையில் இருக்கும் போன்

படை பேசுவது ஒரு பக்கம். படைக்குள் இருப்பவர் பேசினால்? 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் தனக்குக் கொடுக்கும் சாப்பாட்டைக் காட்டி ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டார். நாடே பார்த்தது. ஏப்ரலில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஜனவரியிலேயே, ராணுவ தினத்தன்று, அப்போதைய ராணுவத் தளபதி ராவத், குறையைச் சமூக வலைத்தளத்தில் போடுபவர்கள் தண்டனைக்கு ஆளாகலாம் என்று எச்சரித்தார். கையோடு குறைகளை நேராகத் தளபதி அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்தார்கள். அதே ராவத், 2018 செப்டம்பரில் ஒரு கருத்தரங்கில், இந்தக் காலத்தில் வீரனிடமிருந்து ஸ்மார்ட்போனைப் பிடுங்க முடியாது, ஒழுங்கோடு பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கலாம் என்று பேசினார். 2020 ஜூலையில், சீனாவுடனான கல்வான் மோதலுக்கு அடுத்த மாதம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது. ஓர் அதிகாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. எதிரி உளவாளிகள் பெண் பெயரில் கணக்குத் தொடங்கி வீரர்களிடம் தகவல் கறந்த வழக்குகள் பல இருந்ததால் அந்த உத்தரவுக்குக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த 2017-லேயே நடந்த வேறொன்று நிருபர்கள் மறக்கக் கூடாதது. அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வீரர்களைப் பயன்படுத்துவதைக் காட்ட ஓர் இணையச் செய்தித் தளம் நாசிக் அருகே தேவ்லாலியில் ரகசியக் கேமராவால் படம் பிடித்தது. அதில் பேசிய வீரர்களில் ஒருவர் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். வீடியோ வெளியான சில நாட்களில், மார்ச் தொடக்கத்தில், அவர் இறந்துகிடந்தார். நிருபர் மீது அரசாங்க ரகசியச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி நிருபருக்கு நியாயம் கிடைத்தது. ஆனாலும் முகத்தை மறைத்துவிட்டால் ஆளை அடையாளம் தெரியாது என்ற பழைய நம்பிக்கை போன் காலத்தில் செல்லாது. குரல், முகாமின் சுவர், கையில் இருக்கும் கடிகாரம், எதுவும் போதும். வீட்டில் இருப்பவர்கள் குரலை வைத்தே கண்டுபிடிப்பார்கள். மேலதிகாரியும் அப்படித்தான்.

சூலூரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தேஜஸ் போர் விமானப் பிரிவுகள் இரண்டு அங்கேதான் வளர்ந்தன. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் தரங் சக்தி பயிற்சிக்கு வந்தபோது கோவை வானத்தைப் பார்த்து எடுத்த வீடியோக்களுக்கு அளவே இல்லை. பின்னணி இசை, ஸ்லோ மோஷன் எல்லாம் உண்டு. பயிற்சி நாளில் அது சந்தோஷம், படைக்கும் விளம்பரம். சண்டை நாளில் அதே வீடியோ எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எத்தனை விமானம் கிளம்பியது என்ற கணக்கு. போன் வைத்திருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. படைகள் அதைச் சொல்லிக்கொடுத்ததும் குறைவு.

2025 மே மாதத்து நான்கு நாட்கள்

ஆபரேஷன் சிந்தூரில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மே 7 நள்ளிரவு தாண்டி, தாக்குதல் முடிந்த உடனே ராணுவத்தின் எக்ஸ் கணக்கில் நீதி நிலைநாட்டப்பட்டது என்ற பதிவு வந்துவிட்டது. காலையில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் உட்கார்ந்து விளக்கினார்கள். 2019 பிப்ரவரியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அப்போது விங் கமாண்டர் அபிநந்தன் பிடிபட்டார் என்பதை இந்தியா ஒப்புக்கொள்ளுமுன் அவர் கண்கட்டிய வீடியோவைப் பாகிஸ்தான் தரப்பு வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் பையன் என்று நம் பக்கத்தில் எல்லார் போனிலும் அது ஏறியது. பிறகு இந்திய அரசு யூடியூபிடம் சில இணைப்புகளை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டிவந்தது. 2025-இல் முதலில் பேசுவது யார் என்பதில் படை தோற்கவில்லை.

தோற்றது டிவிதான். மே 8 இரவு கராச்சித் துறைமுகம் எரிகிறது, இந்தியக் கடற்படை தாக்கிவிட்டது என்று பெரிய பெரிய சேனல்கள் அலறின. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நேரலை வேண்டாம் என்று ஏப்ரல் 26-இலேயே அரசு அறிவுறுத்தியிருந்தது. நேரலை செய்யாமல் கற்பனை செய்தார்கள். ஆர்மா 3 வீடியோ கேம் காட்சிகள் போர்க்காட்சியாகச் சுற்றின. குஜராத்தின் ஹசீரா துறைமுகம் எரிகிறது என்று வந்த வீடியோ 2021-இல் நடந்த எண்ணெய்க் கப்பல் வெடிப்பு என்று மத்திய அரசின் பிஐபி சரிபார்ப்புப் பிரிவு சொன்னது. 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க இந்திய அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. அவற்றில் செய்தி நிறுவனங்களின் கணக்குகளும் இருந்தன. மே 10 மாலை சண்டை நிறுத்தம் என்பதை டெல்லி சொல்லுமுன் அமெரிக்க அதிபர் டிரம்ப் தன் ட்ரூத் சோஷியலில் போட்டார். அறிவித்த மிஸ்ரியையே அப்புறம் எக்ஸில் திட்டித் தீர்த்து, அவர் கணக்கைப் பூட்டிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளினார்கள்.

இந்தியா போர் விமானம் எதையும் இழந்ததா என்ற கேள்விக்கு அந்த நாட்களில் எந்தக் கணக்கிலும் பதில் இல்லை. மே 11 விளக்கத்தில், சண்டையில் இழப்பு இருக்கத்தான் செய்யும் என்பதோடு விமானப்படை அதிகாரி நிறுத்திக்கொண்டார். மே 31, சிங்கப்பூரில் ஒரு பாதுகாப்பு மாநாட்டுக்குப் போயிருந்த முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானை ப்ளூம்பெர்க் டிவி நிருபர் நேராகக் கேட்டார். எத்தனை விழுந்தது என்பதைவிட ஏன் விழுந்தது என்பதுதான் முக்கியம், தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினோம் என்றார் அவர். இழந்ததை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பெயர். லட்சக்கணக்கான பின்தொடர்வோர் உள்ள கணக்குகள் மூன்று வாரம் சொல்லாததை ஒரு கேள்வி வாங்கியது. அதே சிங்கப்பூரில் சவுகான் சொன்ன இன்னொன்றும் உண்டு. சிந்தூரின்போது படைகளின் நேரத்தில் 15 சதவீதம் போலிச் செய்திகளை எதிர்கொள்வதற்கே போனது என்று. அந்தப் போலிகளில் ஒரு பகுதி நம் சேனல்கள் தயாரித்தது என்பதை அவர் சொல்லாவிட்டால் என்ன, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையோரச் செய்தியாளர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரிங்கர்கள். மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று காசு. படையின் கணக்கில் வரும் பதிவை மொழிபெயர்த்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் செய்தி தயார். வீடியோவும் இலவசம். சூலூர் வாசலில் அரைநாள் நின்று ஒரு கேள்விக்குப் பதில் வாங்கினால் பெட்ரோல் காசு தேறாது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும், இதுதான் எல்லார் போனிலும் வந்துவிட்டதே, நீ புதிதாக என்ன கொடுக்கிறாய் என்பார். கேள்வி குறைவதற்குத் தேசபக்தி, பயம் என்று பல காரணம் சொல்கிறோம். பாதிக்கு மேல் காசுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குன்னூர் விபத்தின் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையைத் தாக்கல் செய்தது. அதில் விமானப்படை விபத்துகளின் அட்டவணை ஒன்று இருந்தது. 2017 முதல் 2022 வரை 34 விபத்துகள். 2021 டிசம்பர் 8-க்கு நேரே, எம்ஐ-17 என்ற பெயருக்குப் பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தில் விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று இருந்தது. டெல்லி நிருபர்கள் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்ததால்தான் அது செய்தியானது. மேகத்தில் திசை தப்பியது என்று 2022-இல் சொன்னதும், மனிதத் தவறு என்று 2024-இல் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று வாதிடலாம். திசை தப்பிய விமானியின் கணிப்பையும் தவறு என்ற தலைப்பில்தான் விசாரணைகள் சேர்க்கும். ஆனால் அந்த வானிலையில் பறக்க முடிவெடுத்தது எப்படி, மேகம் திரண்டதும் திரும்பியிருக்க முடியாதா, வழித்தடத்தில் வானிலைத் தகவல் எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் முழு விசாரணை அறிக்கையில் இருக்கும். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படை பொதுவில் வைப்பதில்லை. சூலூரிலிருந்து நீலகிரிக்கு ஹெலிகாப்டர்கள் இன்றும் அதே மலைக்கு மேல்தான் போய்வருகின்றன.